ஒரு தெருவோரம், இரண்டு தீர்மானங்கள்: வண்ணாரப்பேட்டைக் கடைத்தெருவில் பார்க்கிங்கும் பொதுக் கழிவறையும்

ரிப்பன் மாளிகையில் கூடும் சென்னை மாநகராட்சி மன்றக் கூட்டத்துக்கு வாகன நிறுத்தம் ஒரு பொருளாக வரும், பொதுக் கழிவறை வேறொரு பொருளாக வரும். கொண்டுவரும் துறைகள் வேறு, மதிப்பீடு போடும் பொறியாளர்கள் வேறு, வேலையை எடுக்கும் ஒப்பந்ததாரர்களும் வேறு. தெருவுக்கு வந்தால் இரண்டும் ஒரே இடத்தைத்தான் கேட்கின்றன. கடை வாசலுக்கும் வண்டி ஓடும் பாதைக்கும் நடுவில் உள்ள இரண்டரை மீட்டர் ஓரம் அது. அதே ஓரத்தைப் பேருந்து நிறுத்தமும், சரக்கு இறக்கும் குட்டி யானை எனும் சிறு வேனும், மீன்பாடி வண்டி எனும் மூன்று சக்கரச் சரக்கு வண்டியும், தள்ளுவண்டிக் கடையும், மின்வாரியப் பெட்டியும் கேட்கின்றன. யாருக்கு எத்தனை மீட்டர், எந்த நேரத்தில் என்று தீர்மானம் சொல்லவில்லை என்றால், முதலில் வந்து நிற்பவரே அந்த முடிவை எடுத்துவிடுகிறார். வடசென்னைத் தெருக்களில் இப்போது நடப்பது இதுதான்.

இந்த ஆய்வுக்கு ஒரு மாதிரித் தெருவை எடுத்துக்கொள்கிறோம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டை ஒட்டிய துணிக்கடைத் தெருக்களின் சாயலில் அமைந்த தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 300 மீட்டர், சுவருக்குச் சுவர் அகலம் 15 மீட்டர், இரு முனைகளிலும் பெரிய சாலைச் சந்திப்பு, பேருந்து வரும் வழி. அளவுகள் கணக்குக்காக வைத்தவை. விதிகளும் தரநிலைகளும் நடைமுறையில் உள்ளவை. உங்கள் வார்டுத் தெருவின் அளவுகளை இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம்.

முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம்

பெருநகர சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் மன்றம் ஒன்றுதான். 2022 பிப்ரவரி தேர்தலுக்குப் பிறகு மேயர் ஆர். பிரியா தலைமையில் அது கூடுகிறது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கோரிக்கை வார்டிலிருந்து மண்டலக் குழுவுக்கும், பிறகு துறைக்கும், தேவையானால் பணிகள் நிலைக்குழுவுக்கோ நிதி நிலைக்குழுவுக்கோ சென்று, கடைசியில் மன்றத்தில் தீர்மானமாகிறது. நிறைவேற்றுவது ஆணையர்.

கழிவறை விஷயத்தில் இந்தச் சங்கிலி ஓரளவு முழுமையானது. பார்க்கிங்கில் அப்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 117ஆம் பிரிவின்படி, வாகனம் நிறுத்தும் இடங்களைக் குறிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கோ அது அதிகாரம் அளித்த அமைப்புக்கோ உரியது. உள்ளாட்சி அமைப்பைக் கலந்தாலோசிக்க வேண்டும், அவ்வளவே. நோ பார்க்கிங் வழக்குப் போடுவது போக்குவரத்துக் காவல்துறை. அபராதம் முதல்முறை ₹500, அடுத்தடுத்த முறை ₹1,500. மாநகராட்சி ஒப்பந்ததாரரின் ஊழியர் கட்டணம் வாங்கலாம், ரசீது கொடுக்கலாம், ஆனால் அபராதம் போட முடியாது. கட்டணம் கட்டாமல் கிளம்புபவரை அவரால் தடுக்கவும் முடியாது. மன்றத் தீர்மானத்தில் காவல்துறையின் ஒப்புதல் தேதியோடு இணைக்கப்படாவிட்டால், கட்டணப் பலகை நட்ட நாளிலிருந்தே அது வெறும் பலகைதான்.

சில பெரிய சாலைகள் மாநகராட்சியின் கையில் இல்லை, நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. துறைமுக வாயிலை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் எண்ணூர் விரைவுச் சாலைப் பிரச்சினையை வார்டு கூட்டத்தில் தீர்க்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே துறைமுகம், காவல்துறை, நெடுஞ்சாலை மூன்றும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஆகவே உதவிப் பொறியாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "சார், இந்த ரோடு யார் கணக்குல இருக்கு?" என்பதே.

300 மீட்டரில் எவ்வளவு மிஞ்சும்

முதலில் அகலம். நடைபாதை இருபுறமும் தலா 2.5 மீட்டர். நடப்பதற்குத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்பது இந்திய சாலைக் குழுமத்தின் அளவு. மிச்ச 70 சென்டிமீட்டரில் மின்கம்பம், பெட்டிகள், மரம். வண்டி ஓட இரண்டு தடம், 7 மீட்டர். ஆக 12 மீட்டர் போய்விட்டது. மிஞ்சிய 3 மீட்டரில் ஒரே ஒரு பக்கம் மட்டும் 2.5 மீட்டர் பார்க்கிங் பட்டையும், கார்க் கதவு திறக்க அரை மீட்டர் இடைவெளியும் அமையும். இருபுறமும் பார்க்கிங் என்று தீர்மானம் போட்டால், அந்த இரண்டாவது பட்டை நடைபாதையிலிருந்தோ பேருந்துத் தடத்திலிருந்தோதான் பிடுங்கப்படும். எதிலிருந்து என்று எழுதாத தீர்மானத்தில் நடைபாதைதான் எப்போதும் தோற்கிறது. இதே மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிள் ஓட்டுபவருக்கும் என்று அது சொல்கிறது. பார்க்கிங் பொருள் மன்றத்துக்கு வரும்போது இந்தக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு.

இப்போது நீளம். மதிப்பீட்டுக் கோப்புகளில் அடிக்கடி நடக்கும் தவறு இங்கேதான். ஒரு கார் சாலையோடு இணையாக நிற்க 6 மீட்டர், 300ஐ 6ஆல் வகுத்தால் 50 கார் என்று எழுதிவிடுகிறார்கள். தெருவில் டேப் பிடித்துக் கழித்துப் பார்த்தால் கதை வேறு.

மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் 2017, சந்திப்பின் விளிம்பிலிருந்து 50 மீட்டருக்குள் வண்டி நிறுத்தக் கூடாது என்கின்றன. இரு முனைகளிலும் தலா 50 போனால் மிச்சம் 200. நடுவில் மூன்று சந்துகள். ஒவ்வொன்றின் வாய் 4 மீட்டர், திரும்பும் வண்டிக்கு ஆள் தெரிய இருபுறமும் தலா 5 மீட்டர் என்று குறைந்தபட்சமாக வைத்தாலும் மூன்றுக்கும் 42. மிச்சம் 158. சந்து வாய்க்கும் 50 மீட்டர் விதியையே பிடித்தால் தெருவில் ஒரு வண்டிகூட நிற்க முடியாது. ஆகவே ஒவ்வொரு சந்து வாயையும் போக்குவரத்து ஆய்வாளரோடு நேரில் நின்று பார்த்து, முடிவை எழுத்தில் வாங்க வேண்டும். பேருந்து நிறுத்தத்துக்கு, இரண்டு பேருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஓரம் அணைய 30 மீட்டர். மிச்சம் 128. வீட்டு வாசல், குடோன் வாசல் ஐந்து, தலா 4 மீட்டர். மிச்சம் 108. ஒரு பாதசாரிக் கடப்பு, இருபுறப் பார்வை இடைவெளியோடு 13 மீட்டர். மிச்சம் 95. டிரான்ஸ்ஃபார்மரும் பில்லர் பாக்ஸும் நிற்கும் 7 மீட்டரை மின்வாரிய ஊழியர் வந்து வேலை பார்க்கத் திறந்தே வைக்க வேண்டும். மிச்சம் 88. வரப்போகும் கழிவறையின் முகப்புக்கு 10. மிச்சம் 78. சரக்கு இறக்க 20. மிச்சம் 58. ஏற்கெனவே அங்கே வியாபாரம் செய்யும் ஆறு சாலையோர வியாபாரிகளுக்குத் தலா 2 மீட்டர் என்று 12. கடைசியில் மிஞ்சுவது 46 மீட்டர்.

அந்த 46இல் 12 மீட்டரைக் காருக்குக் கொடுத்தால் இரண்டு கார். மிச்சம் 34 மீட்டரில், வண்டிக்கு ஒரு மீட்டர் அகலம் என்று 34 இருசக்கர வாகனம். ஐம்பது கார் என்று கோப்பில் எழுதிய தெருவின் உண்மை இவ்வளவுதான்.

வியாபாரிகளின் 12 மீட்டரை முதலில் காலி செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சட்டம் குறுக்கே நிற்கும். சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014, பிரிவு 3(3)இன்படி, கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இடம் மாற்றும் பேச்சு நகர விற்பனைக் குழுவில் நடக்க வேண்டும். அக்குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பார்க்கிங் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இந்தக் குழுவிடம் போனால் வழக்கு நிச்சயம்.

பணக்கணக்கு ஏன் உதைக்கிறது

சென்னையில் 2019இல் தொடங்கிய தெருவோரக் கட்டண முறையில் காருக்கு மணிக்கு ₹20, இருசக்கர வாகனத்துக்கு ₹5. அதே விகிதத்தையும் நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் வைத்துப் பார்ப்போம்.

கோப்புக் கணக்கு: 50 கார், மணிக்கு ₹20, பத்து மணி நேரம், முப்பது நாள், ஆக மாதம் ₹3,00,000. தெருக்கணக்கு: இரண்டு காருக்கு ₹12,000, 34 இருசக்கர வாகனத்துக்கு ₹51,000, ஆக ₹63,000. அதுவும் ஒரு நிமிடம்கூடக் காலியில்லாமல் நிறைந்து, ஒருவர்கூட ஏமாற்றாமல் இருந்தால்தான். அறுபது சதவீதம் வசூலாகும் என்று வைத்தால் ₹37,800. இரண்டு ஷிப்டுக்கு இரண்டு ஆள், விடுப்புக்கு மாற்றாள் ஒருவர், தலைக்கு ₹15,000 என்றால் சம்பளமே ₹45,000. பில்லிங் மெஷின், கேமரா, கோடு போடும் செலவு எல்லாம் அதற்கு மேல்.

மூன்று லட்சத்தை நம்பி மாநகராட்சிக்குப் பெரிய உரிமத்தொகை தருவதாக ஒப்பந்தப்புள்ளி எடுத்தவர் என்ன செய்வார்? சந்து வாயில் நிறுத்தச் சொல்வார். நடைபாதை மேல் ஏற்றச் சொல்வார். பேருந்து நிறுத்தத்தில் டோக்கன் கிழிப்பார். மணிக் கணக்கை விட்டு, வண்டிக்கு இவ்வளவு என்று வாயால் கேட்பார். பார்க்கிங்காரர் அடாவடி செய்கிறார் என்று 1913 என்ற மாநகராட்சி எண்ணுக்குப் புகார்கள் வரும். அவரை மாற்றி அடுத்தவரைக் கொண்டுவந்தாலும் இதுவேதான் நடக்கும், ஏனென்றால் பிழை ஒப்பந்தத்தின் எண்ணில் இருக்கிறது. 2025இல் மாநகராட்சி இந்தப் பணியை முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவிடம் கொடுத்தது. ஆள் ஒழுங்கானவராக இருப்பது உதவும். ஆனால் மீட்டர்க் கணக்கு தவறாக இருந்தால், ஒழுங்கான ஆளும் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்த முடியாது.

ஆகவே இத்தகைய தெருவுக்குத் தனி ஏலம் விடக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. வசூல் முழுதும் மாநகராட்சிக் கணக்குக்கு நேரே போக வேண்டும். நடத்துபவருக்கு மாதச் சேவைக் கட்டணம் தர வேண்டும். அந்தக் கட்டணம் வசூலைப் பொறுத்து ஏறக் கூடாது, வண்டி நிறுத்தத் தடை செய்த தெருவோர மீட்டர்கள் காலியாக இருப்பதைப் பொறுத்து ஏற வேண்டும். பார்க்கிங் கட்டணத்தின் வேலை கஜானாவை நிரப்புவது அல்ல, வண்டி நகர்ந்துகொண்டே இருக்கச் செய்வது.

நகராத வண்டிகள் யாருடையவை என்பதைக் கண்டுபிடிப்பது எளிது, செலவும் இல்லை. தெருவை இருபது மீட்டர் துண்டுகளாகப் பிரித்து, காலை 9 முதல் இரவு 10 வரை அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு துண்டிலும் நிற்கும் வண்டிகளின் கடைசி நான்கு எண்களை எழுத வேண்டும். ஒரு வாரநாள், ஒரு ஞாயிறு, ஆடித் தள்ளுபடியிலோ தீபாவளி நெருக்கத்திலோ ஒரு நாள். இரண்டு பேர் போதும். கடைத்தெருக்களில் இப்படி எடுத்துப் பார்த்தால், ஒரே எண்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் திரும்பத் திரும்ப வரும். அவை கடை முதலாளிகள், கடை ஊழியர்கள் வண்டிகள். "வர்ற கஸ்டமருக்கு நிறுத்த இடமில்ல" என்று மனு கொடுக்கும் கடையின் வண்டியே வாசலை நாள் முழுக்க அடைத்திருக்கும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு 300, 400 மீட்டர் தள்ளி, மாநகராட்சி நிலத்திலோ மெட்ரோ நிலைய வாகன நிறுத்தத்திலோ மாதக் கட்டணத்தில் ஓர் இடம் முதலில் உறுதியாக வேண்டும். வாசலில் கட்டணம் அதன் பிறகு. வரிசையை மாற்றினால் வியாபாரிகள் சங்கம் முதல் வாரமே கடையடைப்பு அறிவிக்கும், கவுன்சிலரும் அவர்கள் பக்கம் நிற்க வேண்டி வரும்.

கட்டண எல்லையையும் தீர்மானத்திலேயே வரைய வேண்டும். பெரிய தெருவில் மட்டும் கட்டணம் என்றால் வண்டிகள் பக்கத்துச் சந்துக்குள் போய் நிற்கும். மூன்று மீட்டர் சந்தில் ஐந்து பைக் நின்றால் ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ தண்ணீர் லாரியோ உள்ளே வராது. ஆகவே இருபுறமும் முதல் நூறு மீட்டர் சந்துகளையும் சேர்த்து, அங்கே கட்டணம் இல்லாமல், வெளியார் வண்டிக்குத் தடை மட்டும் போட வேண்டும்.

வடசென்னையில் இரவுக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. ஷேர் ஆட்டோவும் டாட்டா ஏஸும் ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் குறுகிய வீடுகளில் இருக்கின்றன. வண்டியைத் தெருவில்தான் விட முடியும். இரவு 10 முதல் காலை 8 வரை இந்த 46 மீட்டரும், சரக்கு இறக்கும் 20 மீட்டரும் அந்த வார்டு மக்களுக்குக் கட்டணமில்லாமல் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி இல்லாததால்தான் பல இடங்களில் கட்டணப் பார்க்கிங்கைப் பகுதி மக்கள் எதிர்க்கிறார்கள்.

சரக்கு இடத்துக்கும் நேரம் பிரிக்கலாம். காலை 8 முதல் 11 வரையும் பிற்பகல் 2 முதல் 4 வரையும் குட்டி யானைக்கும் மீன்பாடி வண்டிக்கும். மாலை 4க்குப் பிறகு அதே இடத்தில் இருபது பைக். ஒரே 20 மீட்டர் மூன்று வேலை பார்க்கும். பலகையில் நேரம் தமிழில், நின்றபடி படிக்கும் எழுத்தளவில் இருக்க வேண்டும்.

பல்லடுக்கு நிறுத்தம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சு அடிக்கடி வரும். தி.நகரில் 2021இல் திறந்த கட்டடத்தில் 222 காருக்கும் 513 இருசக்கர வாகனத்துக்கும் இடம் உண்டு. சாய்தளம் வைத்துக் கட்டும் பல்லடுக்கில் ஒரு காருக்குச் சுமார் 30 சதுர மீட்டர் தேவை. லிஃப்ட் வைத்த இயந்திர நிறுத்தத்தில் 16 போதும். ஆனால் இயந்திரத் தட்டு காருக்கானது. வண்ணாரப்பேட்டைக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் நெருக்கடி தருவது பைக்கும் சரக்கு வண்டியும். புடவை எடுக்க வருபவர் பைக்கை நான்காம் மாடியில் விட மாட்டார். சரக்கை அங்கிருந்து தலையில் சுமந்து வரவும் முடியாது. இந்தப் பகுதிக்குத் தரைத்தளத்தில் பரந்த பைக் நிறுத்தமும் சரக்கு மேடையுமே முதல் தேவை.

மாற்றுத்திறனாளிக்கான கார் இடம் 3.6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் இருக்க வேண்டும். இரண்டரை மீட்டர் பட்டையில் அது அடங்காது. தெருவோரத்தில் சக்கர நாற்காலிப் படம் வரைந்துவிட்டு விதியை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்டுவதைவிட, கழிவறைக்குப் பக்கத்து மாநகராட்சி நிலத்தில் ஓர் இடத்தை முழு அளவில் ஒதுக்குவதே முறை.

கழிவறை: கட்டுவதற்கு முன் மேன்ஹோலைத் திறங்கள்

ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களையும் மெரினாவையும் சேர்த்துப் பொதுக் கழிவறைகளைப் புதுப்பிக்கவும் புதிதாகக் கட்டவும், பல ஆண்டு பராமரிப்போடு தனியாரிடம் ஒப்படைக்கும் திட்டத்தை மாநகராட்சி எடுத்தது. கட்டியவரே பல ஆண்டு பராமரிக்க வேண்டும், பணத்தின் பெரும்பகுதி பராமரிப்பைப் பொறுத்துத் தவணையாக வரும் என்ற அமைப்பு நல்லது. கட்டிவிட்டுப் போய்விடும் பழைய முறையில் ஆறு மாதத்தில் குழாய் இருக்காது, தாழ்ப்பாள் இருக்காது. ஆனாலும் இடத் தேர்வு தவறினால் எந்த ஒப்பந்தமும் காப்பாற்றாது.

மாதிரித் தெருவில் நிலம் 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் ஆழம். பெண்களுக்கு நான்கு இருக்கை, ஆண்களுக்கு இரண்டு இருக்கையும் நான்கு சிறுநீர்ப் பிறைகளும், சக்கர நாற்காலி நுழையும் அறை ஒன்று, பராமரிப்பவருக்கு ஓர் அறை. துணிக்கடைத் தெருவுக்கு வருபவர்களில் பெண்கள் அதிகம், குழந்தையோடு வருவார்கள், உள்ளே ஆகும் நேரமும் கூடுதல். சரிபாதியாகப் பிரித்தால் பெண்கள் பக்கம் வரிசை நிற்கும், ஆண்கள் பக்கம் காலியாகக் கிடக்கும். சக்கர நாற்காலி அறை 2.2க்கு 2 மீட்டர், கதவுத் திறப்பு 90 சென்டிமீட்டர், கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் அல்லது நகரும் கதவாக இருக்க வேண்டும். சாய்தளம் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். தரை 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளும், மேலும் கீழும் திரும்ப இடமும் வேண்டும். கழிவறை முகப்புக்கு 10 மீட்டர் ஒதுக்கியது இதற்காகத்தான். அதைப் பார்க்கிங் கோப்பில் எழுதாவிட்டால், திறப்பு விழா முடிந்த மறுநாளே சாய்தளத்தின் வாயில் பைக் நிற்கும்.

அடுத்தது சாக்கடை. 110 மில்லிமீட்டர் குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று சரிவு வேண்டும். குடிநீர் வாரியத்தின் மேன்ஹோல் 40 மீட்டர் தள்ளி இருந்தால் 67 சென்டிமீட்டர் இறக்கம். குழாய் கழிவறையை விட்டுக் கிளம்பும் ஆழம் 45 சென்டிமீட்டர் என்று வைத்தால், மேன்ஹோலில் சேரும் இடம் தரைமட்டத்திலிருந்து குறைந்தது 1.12 மீட்டர் கீழே இருக்க வேண்டும். மேன்ஹோல் அதற்குக் குறைந்த ஆழம் என்றாலோ, ஆழம் இருந்தும் நாள் முழுக்க கழிவுநீர் நிரம்பியே நின்றாலோ, அந்த இடம் உதவாது. வடசென்னை தட்டையான நிலம், கடல்மட்டத்துக்குப் பக்கம். கழிவுநீர் பம்ப் செய்யப்பட்டுத்தான் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையம் சேர்கிறது. பம்பிங் நிலையம் கொஞ்ச நேரம் நின்றாலே மேன்ஹோல் ததும்பும். காலை 8 மணிக்கும் மழை பெய்த மறுநாளும் மூடியைத் திறந்து நீர்மட்டம் அளக்காமல் இடம் குறிப்பது குருட்டு வேலை. கழிவறையின் மிகத் தாழ்ந்த பீங்கானின் விளிம்பு, மேன்ஹோல் மூடியைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேன்ஹோல் நிரம்பும் நாளில் தெருக் கழிவு கழிவறைக்குள் ஏறும். எதிரோட்டத் தடுப்பு வால்வும் அதைத் திறந்து பார்க்கும் குழியான சேம்பரும் மதிப்பீட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அவசரத்தில் மழைநீர் வடிகாலில் இணைத்துவிடுவதும் உண்டு. இது பக்கிங்காம் கால்வாயையும் கடலையும் நேரே கெடுக்கும் செயல். மழை வந்தால் அந்த நீர் தெருவுக்கே திரும்பி வரும். குடிநீர் வாரியத்தின் இணைப்பு அனுமதி எண் இல்லாமல் கடைசித் தவணைப் பணம் கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்.

தண்ணீர்க் கணக்கில்தான் பெரும்பாலான கழிவறைகள் சாகின்றன. நாளுக்கு 600 பேர், தலைக்கு 8 லிட்டர் என்றால் 4,800. தரை கழுவ 500. ஆக 5,300 லிட்டர். மேலே ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் இரண்டு மட்டும் வைத்தால், மோட்டார் ஓடாத நாளில் முற்பகலிலேயே தீர்ந்துவிடும். கீழே 5,000 லிட்டர் தொட்டி, மேலே 3,000, மட்டம் பார்த்துத் தானாக ஓடும் மோட்டார். வாரியத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் தெரு என்றால் கீழ்த்தொட்டி இரட்டிப்பு. லாரித் தண்ணீர் தேவைப்பட்டால் லாரி நிற்க ஓர் இடம், அதுவும் தெருவோர மீட்டர்க் கணக்கில். மழைக்காலத்தில் கீழ்த்தொட்டி மூடியின் விளிம்பு சாலையைவிட 30 சென்டிமீட்டராவது மேலே இருக்கட்டும். சாலையைப் பழைய மேல்பரப்பைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால், இரண்டு தடவையில் அந்த உயரம் கரைந்து, கழிவறை பள்ளத்தில் நிற்கும். மில்லிங் செய்து பழைய மட்டத்திலேயே போடச் சொல்லும் அரசு உத்தரவு இருக்கிறது. சாலைப் பணி ஆணையில் அதைக் குறிப்பிட வைப்பது கவுன்சிலரின் வேலை.

திறக்கும் நேரம் சிறிய விஷயமாகத் தெரியும். காசிமேட்டில் மீன் ஏலம் விடிவதற்கு வெகு முன்பே தொடங்குகிறது. கூடையோடு வரும் பெண்கள் நள்ளிரவு தாண்டிக் கிளம்பியிருப்பார்கள். காலை 6 மணிக்குத் திறக்கும் கழிவறை அவர்களுக்கு இல்லாத கழிவறைதான். மார்க்கெட், பேருந்து நிலையம், மருத்துவமனைச் சுற்றுப்புறத்துக்கு 24 மணி நேரம், கடைத்தெருவுக்குக் காலை 5 முதல் இரவு 11 என்று இடத்துக்கு இடம் தீர்மானத்தில் எழுத வேண்டும். பெண்கள் பக்க வாசல் பார்க்கிங் வரிசைக்கு நேரெதிராக இருக்கக் கூடாது. வண்டிமேல் உட்கார்ந்து பேசும் கூட்டத்தைத் தாண்டி இரவில் ஒரு பெண் உள்ளே போக மாட்டாள். வாசல் தெருவிளக்கின் கீழே, நடைபாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி, பக்கவாட்டில் திறக்கட்டும். உள்ளே கொக்கி, உயரத்தில் ஒரு தட்டு, மூடியுள்ள தொட்டி, உள்தாழ்ப்பாள். இவை இல்லாத அறையைப் பெண்கள் ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"எங்க வாசல் பக்கம் வேணாம்" என்ற எதிர்ப்பு எல்லா இடத்திலும் வரும். அதில் நியாயம் இருக்கிறது, ஏனென்றால் அவர்கள் பார்த்த கழிவறைகள் நாறியவை. அவர்களிடம் வரைபடம் காட்டுவதைவிட, பக்கத்து வார்டில் ஒழுங்காக நடக்கும் ஒன்றுக்கு அழைத்துப் போவதும், துப்புரவு எத்தனை மணிக்கு ஒருமுறை, தவறினால் ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு பிடித்தம் என்பதை வாசல் பலகையில் எழுதுவதாகப் வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் பதிவு செய்வதும் பலன் தரும். அடைப்பு எடுக்கப் பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆளைச் சேம்பருக்குள் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே இயந்திர வண்டி வந்து நிற்கும் தூரத்தில் சேம்பர் இருக்க வேண்டும். இதுவும் தெருவோரக் கேள்விதான். சேம்பர் மூடிமேல் கார் நிற்கும்படி பார்க்கிங் கோடு போட்ட தெருக்கள் உண்டு.

இரண்டையும் ஒரே பொருளாக

மேலே சொன்னவை எல்லாம் ஒரே தாளில் அடங்கும். தெருவின் 300 மீட்டரையும் ஐந்து மீட்டர்க் கட்டங்களாக வரைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த நேரத்தில் என்ன என்று எழுதிய ஒரு வரைபடம். மன்றத்துக்குப் போகும் பொருளோடு அது இணைப்பாகச் செல்ல வேண்டும். அதன்மேல் உதவிப் பொறியாளர், போக்குவரத்து ஆய்வாளர், குடிநீர் வாரியப் பகுதிப் பொறியாளர், மின்வாரியப் பொறியாளர், நகர விற்பனைக் குழுப் பிரதிநிதி ஆகியோரின் கையொப்பம். மன்றத்தில் ஒரே அமர்வில் பல பொருள்கள் வேகமாகக் கடந்து போகின்றன. அங்கே மீட்டர் கணக்கை விவாதிக்க நேரம் இருக்காது. ஆகவே இந்த வேலை மண்டலக் குழுவுக்கு வரும் முன்னரே, வார்டில் முடிந்திருக்க வேண்டும்.

வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை 2024 மார்ச்சில் ₹4,181 கோடி மதிப்பில் அரசு தொடங்கியது. இவ்வளவு பணம் ஒரு பகுதிக்குள் வரும்போது, சாலை ஒரு துறை, வடிகால் ஒரு துறை, கட்டடம் ஒரு துறை என்று ஒன்றன்மேல் ஒன்றாகத் தோண்டும் ஆபத்தும் கூடவே வருகிறது. கட்ட வரைபடம் ஒன்று இருந்தால், கழிவறைக் குழாய் போட்ட பிறகு நடைபாதைக் கல் பதிக்கலாம். இல்லையென்றால் பதித்த கல்லைப் பெயர்த்துத்தான் குழாய் போடுவார்கள்.

தீர்மானத்தின் கடைசிப் பத்தியில் மறுஆய்வு. திறந்து ஆறு மாதம் கழித்து, அதே வண்டி எண் கணக்கெடுப்பை அதே மூன்று வகை நாட்களில் மீண்டும் எடுக்க வேண்டும். சராசரியாக ஒரு பைக் நிற்கும் நேரம் இரண்டு மணிக்குக் கீழே வராவிட்டால், ஊழியர்களுக்கான மாத நிறுத்தம் போதவில்லை என்று பொருள். கட்டணத்தை ஏற்றும் முன் அதைப் பெரிதாக்க வேண்டும். கழிவறையில் பெண்கள் எண்ணிக்கை ஆண்களில் பாதிகூட இல்லை என்றால் விளக்கு, தாழ்ப்பாள், வாசல் திசை, பராமரிப்பவர் யார் என்ற நான்கையும் அந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும். தடை செய்த மீட்டர்களில் நாளின் எந்த நேரத்திலும் மூன்றுக்கு மேல் வண்டி நின்றால், அந்த மாதச் சேவைக் கட்டணத்தில் பிடித்தம். இந்த மூன்று எண்களையும் மண்டல அலுவலகம் பகுதி சபையில் வாசிக்க வேண்டும், மன்றத்துக்கும் ஒரு பக்க அறிக்கையாக அனுப்ப வேண்டும்.